ஒற்றைக் கரை ஆறு

ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் மாலையில் தில்லைநாயகி தன் தங்கையின் ஏச்சுக்கு மறுமொழி சொல்லாமல் படித்துறையிலிருந்து வீடு திரும்பினாள். அதற்கு அடுத்த நாள் விடிந்தபோது ஆற்றுக்கு எதிர்க்கரை இல்லை.

வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போகவில்லை. பனியோ புகையோ அதை மூடி மறைக்கவுமில்லை. ஆலத்துறைப் படிகளில் நின்று பார்த்தவர்களுக்கு வழக்கம்போல் தண்ணீர் தெரிந்தது, தண்ணீருக்கு அப்பால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் தெரிந்தது, அதற்கும் அப்பால் பார்வை ஊன்றிக்கொள்ள ஒன்றுமில்லாமல், பூட்டிய வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பும் விருந்தாளியைப் போல அவரவர் முகத்துக்கே திரும்பி வந்தது. நேற்றுவரை அங்கே நாவல்துறை என்று ஓர் ஊர் இருந்தது. அதற்கு ஒரு படித்துறையும், படித்துறைக்கு மேலே ஓர் இலுப்பை மரமும், மரத்துக்குப் பின்னால் நூற்றறுபது வீடுகளும் இருந்தன. அந்த வீடுகளுள் ஒன்றில் தில்லைநாயகியின் ஒரே தங்கை பவளக்கொடி இருந்தாள்.

"சரி, போயிட்டானுங்க" என்று வேப்பங்குச்சியைத் துப்பினார் ஊராட்சித் தலைவர் கலியமூர்த்தி, சந்தைக்குப் போனவர்களைப் பற்றிச் சொல்வதைப் போல. அத்தோடு அன்றைய வியப்பு முடிந்து மற்றவர்கள் குளிக்க இறங்கினார்கள்.

இரண்டு ஊர்களுக்கும் இடையே என்ன பகை என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தப் பகையை எந்த நாளில், எந்த முறையில் கொண்டாட வேண்டும் என்பது நடக்கத் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள், ஆறு இரு கரையும் தழுவிப் போகும் பொழுதில், இரு படித்துறைகளிலும் ஊர் கூடும். அந்த நாளைத் தேர்ந்தெடுத்தவர்கள் விவரமானவர்கள். அன்றைய வெள்ளத்தில் யாரும் நீந்திப்போய் யாரையும் அடிக்க முடியாது. கரைக்கு ஓர் ஏச்சுக்காரி உண்டு. இவள் அந்தக் கரையை ஏசுவாள், அவள் இந்தக் கரையைத் திருப்பி ஏசுவாள், பொழுது சாயும்வரை மாறி மாறி நடக்கும். எருமை முதல் மருமகன் வரை எதையும் ஏசலாம். அன்று ஒரு நாள் மட்டும் தங்கை அக்காளை 'அடியே' என்னலாம், மாமியாரின் மூக்கைப் பற்றி மருமகள் வாய்திறக்கலாம். கூடாதது ஒன்றே ஒன்றுதான்: வந்த ஏச்சுக்கு மறுமொழி கொடுக்காமல் விடக் கூடாது. ஏசுவது என்பது 'நீ இருக்கிறாய், எனக்கு அது பொறுக்கவில்லை' என்று சொல்வது. திருப்பி ஏசுவது 'நீயும்தான் இருக்கிறாய், எனக்கும் அப்படித்தான்' என்று சொல்வது. வாய்பேசாமல் திரும்பிப் போவது மட்டுமே 'நீ இல்லை' என்று சொல்வது. அப்படி ஒருவரும் அதுவரை சொன்னதில்லை என்பதால், சொன்னால் என்ன ஆகும் என்பதும் அதுவரை ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

தில்லைநாயகி பத்தொன்பது ஆண்டுகளாக ஆலத்துறையின் ஏச்சுக்காரி. கடைத்தெருவில் மாவு மில் வைத்திருந்தாள். கேழ்வரகு யாருடையது, மிளகாய் யாருடையது என்று இயந்திரத்தின் இரைச்சலுக்கு மேலே கேட்டுக் கேட்டு முறுக்கேறிய குரல் அவளுடையது. நாவல்துறைக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பவளக்கொடிக்கு மில் இல்லை. ஆனால் குரல் அதே குரல். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எது அக்காள், எது தங்கை என்று பெற்றவளுக்கே குழப்பம் வரும் என்பார்கள். எனவே ஆண்டுதோறும் அந்த மாலையில் ஆறு தன்னோடு தானே சண்டை போடுவதைப் போலிருக்கும்.

இந்த ஆண்டும் நன்றாகத்தான் தொடங்கியது.

"அடியே ஆலத்துறைக்காரி! உங்க ஊரு சாம்பாரை ஆத்துல ஊத்துனீங்களாமே, மீனெல்லாம் எங்க கரைக்கு வந்து குடிக்கத் தண்ணி கேக்குது!" என்றாள் பவளக்கொடி.

"மீனுக்காவது கேக்க வாயிருக்கு! உங்க ஊரு மாப்பிள்ளைக்கு அதுவும் இல்லியேடி, தாலியைக் கையில வெச்சுக்கிட்டு எந்தக் கழுத்துன்னு அம்மாவைத் திரும்பிப் பாத்தானாமே!" என்றாள் தில்லைநாயகி.

இரு கரையும் சிரித்து ஓய்ந்தபோது பவளக்கொடி ஒரு படி கீழே இறங்கி நின்றாள். அடுத்து அவள் பேசியபோது அதில் 'அடியே' இல்லை.

"அம்மா தூக்கத்துலயே போயிட்டான்னு சொல்லி அனுப்புனியே அக்கா. மூணு நாளு முழிச்சுக் கிடந்தாளாமே. அப்ப ஊசி போட்ட நர்ஸம்மா இப்ப எங்க ஊருக்கு மாத்தலாகி வந்திருக்கு. மூணு நாளும் யாரைக் கூப்பிட்டா? சொல்லு."

தில்லைநாயகி வாயைத் திறந்தாள். பத்தொன்பது ஆண்டுகளில் சொல் தேடி நின்றறியாத அந்த வாய் திறந்தபடியே இருந்தது. பிறகு அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, படியேறி, கூட்டம் விலகிக் கொடுத்த வழியே நடந்து போனாள். எதிர்க்கரை காத்திருந்தது, காத்திருந்தது என்பது அவள் முதுகுக்குத் தெரிந்தது, தெரிந்துதான் நடந்தாள்.

அவளை யாரும் குற்றம் சொல்லவில்லை என்பதுதான் இதில் கொடுமை. "வீட்டுச் சங்கதியைக் கொண்டாந்து ஆத்துல கொட்டுறதா? அதுக்குப் பேரு ஏச்சா?" என்றாள், ஆற்றோரத்துக் கடைசி வீட்டில் குடியிருந்த செண்பகவல்லி. "நீ வாயை மூடிக்கிட்டு வந்ததுதான் தில்லை மரியாதை. முறை தவறினவ அவ." மறுநாள் எதிர்க்கரை காணாமல் போனதும் ஊர் முழுவதும் இதையே சொல்லிற்று: முறை தவறிய கரை போயிற்று, முறை காத்த கரை நிற்கிறது.

போன கரையை உலகம் தன் வழக்கப்படி சமாளித்துக்கொண்டது. வருவாய் ஆய்வாளர் வந்து படியில் நின்று நெடுநேரம் பார்த்தார். ஆற்றின் அகலம் என்ற கட்டத்தில் 'தொடக்கம் மட்டும் உண்டு' என்று எழுதிக் கையெழுத்திட்டுப் போனார். பாலம் வழியாகச் சுற்றிக்கொண்டு நாவல்துறைக்குப் போகும் நகரப் பேருந்து உரிய நேரத்தில் புறப்பட்டு, பாலத்தில் ஏறி, பாலத்தில் இறங்கி, ஆலத்துறைக்கே வந்து நின்றது, "நாவல்துறை எறங்கு!" என்று நடத்துநர் கூவ, இறங்கியவர்கள் சொந்த ஊரில் இறங்கி, வந்தது வந்தாயிற்று என்று ஒரு காபி குடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். ஓடக்காரர் மாசிலாமணி முற்பகலெல்லாம் நேராகத் துடுப்புப் போட்டார். அதோ கரை என்று நெருங்கிப் பார்த்தால் அது புறப்பட்ட கரையாக இருந்தது. அந்த ஊரில் பெண் கொடுத்தவர்கள் மட்டும் மாலைதோறும் படியில் வந்து உட்கார்ந்தார்கள். கடிதம் வராத மாதங்கள் முன்பும் இருந்ததுண்டு என்று ஒருவரை ஒருவர் தேற்றினார்கள். அந்தப் பக்கமாகத் தில்லைநாயகி போனால், "உனக்கும் தங்கச்சி போச்சேம்மா" என்று அவளுக்கும் ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். அவள் உட்காரவில்லை. உட்கார்ந்தால் அந்தப் படி தன்னைத் தூக்கி ஆற்றில் எறிந்துவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. எறிந்தால் நல்லது என்றும் தோன்றியது.

ஆவணி பிறந்ததும் அவளுக்குப் பாராட்டுக் கூட்டம் நடத்தினார்கள். "எதிரியை ஏசி ஜெயிச்சவங்க உண்டு" என்று ஒலிபெருக்கியில் முழங்கினார் கலியமூர்த்தி. "ஏசாமயே இல்லாம ஆக்குனவங்க நம்ம தில்லையம்மா ஒருத்தர்தான்!" கைதட்டல் ஆற்றின் மேலே போயிற்று, மோதித் திரும்ப ஒன்றுமில்லாததால் போயே போயிற்று. தோளில் போர்த்திய பொன்னாடையை அவள் வீட்டுக்கு எடுத்து வந்து நான்காய் மடித்தாள், எட்டாய் மடித்தாள். எத்தனை மடித்தாலும் அது பிணத்தின் மேல் போர்த்தும் அளவுக்கே நீண்டு கிடந்தது. கடைசியில் அதை மில்லில் தவிட்டு மூட்டைகளுக்கு அடியில் போட்டு, மேலே இன்னொரு மூட்டையையும் ஏற்றினாள்.

அதன் பிறகுதான் ஆலத்துறையில் சிறு சிறு கோளாறுகள் தொடங்கின.

"நம்ம ஊரு மீன்குழம்பு மாதிரி வருமா?" என்று பந்தியில் உட்கார்ந்த ஒருவர் தொடங்கினார், எந்த ஊர்க் குழம்பு மாதிரி என்று முடிக்கத் தெரியாமல் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். குழம்பில் குறையில்லை, உப்பும் புளியும் உரிய அளவில் இருந்தன. ஆனால் அது நன்றாயிருக்கிறதா என்று அன்று முதல் யாராலும் சொல்ல முடியவில்லை. கபடிக் குழு எதிராட ஆளில்லாமல் ஒரு கோப்பையை வென்றது. பிறகு நடுக்கோட்டின் எந்தப் பக்கம் தங்கள் பக்கம் என்பதை மறந்து, கோட்டின் மேலேயே வரிசையாக உட்கார்ந்துகொண்டது. ஆறும் சோர்ந்தது. இரண்டு பக்கமும் நெருக்கினால்தான் தண்ணீருக்கு ஓட்டம். ஒரு பக்கம் மட்டும் நெருக்கிய தண்ணீர், மறுபக்கம் எவ்வளவு வேண்டுமானாலும் ஒதுங்கலாம் என்று கண்டு ஒதுங்கி ஒதுங்கி, மேற்கிலிருந்து கிழக்கே போவதைக் கைவிட்டு, உண்ட மயக்கத்தில் கிடப்பதைப் போலக் கிடந்தது. வாய்க்கால்களில் ஏற அதற்கு மனமில்லை. நாற்று வெளிறியது.

பின்பு ஒரு காலையில் படித்துறையின் கடைசிப் படி இல்லை. தண்ணீரில் மூழ்கவில்லை, உடைந்து சரியவுமில்லை. பதினெட்டாக இருந்தது பதினேழாக இருந்தது. ஊர் அதையும் ஏற்றுக்கொண்டு ஒரு படி மேலே நின்று குளித்தது. பதினேழு பதினாறாயிற்று. பன்னிரண்டானபோது துணி துவைக்கும் கல் போயிற்று. ஒன்பதானபோது செண்பகவல்லி மில்லுக்கு அரிசி கொண்டு வந்தாள்.

"எங்க வீட்டுக் கொல்லைப்புறம் போச்சு தில்லை. அடுப்பை முன்னறைக்குக் கொண்டாந்து வெச்சுக்கிட்டேன்" என்றாள், மழைக்கு ஒழுகுகிறது என்பதைப் போல. "நைசா அரைச்சுக் குடு, இடியாப்பத்துக்கு."

தில்லைநாயகி அரிசியை இயந்திரத்தின் வாயில் கொட்டினாள். மாவு விழுந்தது. மேல்கல் என்று ஒன்றும் கீழ்க்கல் என்று ஒன்றும் உராய்ந்துதான் அந்த மாவு விழுகிறது என்பதை முப்பது ஆண்டுகளாகப் பார்த்திருக்கிறாள். இன்று அதைப் பார்க்கச் சகிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஊர் கரைந்துகொண்டிருந்தது அவளால். ஊர் அவளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் படிகளைவிட, வயலைவிட, செண்பகவல்லியின் கொல்லைப்புறத்தைவிட அவளை அறுத்தது வேறொன்று. ஒவ்வொரு நாளும் விடிந்ததும் 'பவளம்' என்று மனத்துக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்வாள். அந்தப் பெயருக்கு இருந்த முகம் வாரத்துக்கு வாரம் மங்கிக்கொண்டு வந்தது. முதலில் காதணி போயிற்று, பிறகு நெற்றி போயிற்று. இப்போது சிரிப்பு மட்டும், தாங்க ஒரு முகம் இல்லாமல், மிச்சமிருந்தது. அதுவும் போய்விட்டால் தனக்குத் தங்கை என்று ஒருத்தி இருந்ததே இல்லை என்று ஆகிவிடும். அப்படி ஆன அன்று தான் அக்காளாகவும் இருக்கப் போவதில்லை.

படிகள் ஏழான அன்று பிற்பகல் மாசிலாமணி மிளகாய் அரைக்க வந்தார். அவளைவிட ஐந்து வயது மூத்தவர், மனைவியை இழந்தவர், ஒரே மகளை நாவல்துறைக்குக் கட்டிக் கொடுத்தவர். இயந்திரம் நின்றதும் பேசினார்.

"மறுமொழி சொல்லாம வந்தது நீதானே தில்லை."

அவள் நிமிர்ந்தாள். ஊரில் ஒருவர் முதன்முதலாக அவளைக் குற்றம் சொல்லியிருந்தார். அது கத்திரி வெயிலில் ஒரு செம்பு தண்ணீரைத் தலையில் ஊற்றியதைப் போலிருந்தது.

"ஆமாண்ணே. நான்தான்."

"எல்லாரும் உன் தங்கச்சி முறை தவறிட்டான்னு சொல்றாங்க. நான் கேக்குறேன், தவறினா என்ன? கேட்டுட்டாள்ல. கேட்டவளுக்கு ஏதாவது ஒண்ணு சொல்லணும். 'போடி நாயே'ன்னாவது சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்."

மாசிலாமணி மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டார். "நான் கப்பல்ல சமையலுக்கு இருந்தப்ப பினாங்குல ஒரு சீனக் கிழவரு, பீங்கான் கடை வெச்சிருந்தாரு. சுவத்துல ஒரு வட்டம் எழுதி வெச்சிருப்பாரு. உள்ள கறுப்பா ஒண்ணு, வெள்ளையா ஒண்ணு, ரெண்டு மீனு ஒண்ணு வாலை ஒண்ணு துரத்துற மாதிரி. 'இந்தக் கறுப்பை எடுத்துட்டா நல்லா வெளிச்சமா இருக்குமே'ன்னேன். 'எடு. அப்புறம் வெள்ளையை எங்க போய்த் தேடுவே?'ன்னாரு. அவரு கடையில வாங்குன சட்டி மூணு மாசத்துல கீறல் விட்டுது, அதனால அவரு பேச்சை எவ்வளவு நம்புறதுன்னு எனக்குத் தெரியாது. ஆனா தெனமும் ஓடத்தைத் தள்ளிக்கிட்டுப் போயி, பொறப்பட்ட எடத்துலயே வந்து முட்டுறப்ப, அந்தாளு சொன்னதுதான் ஞாபகம் வருது."

"இப்ப நான் சொல்றேன்னாலும் கேக்க ஆளு எங்கண்ணே இருக்கு?"

"அதையும் கேட்டேன்னு வெச்சுக்கயேன். கறுப்பு மீனுக்கு ஒரு வெள்ளைக் கண்ணு வெச்சிருந்தாரு, வெள்ளை மீனுக்கு ஒரு கறுப்புக் கண்ணு. 'எதுக்குய்யா இந்தப் பொட்டு, அழுக்காட்டம்?'னேன். 'எல்லாம் அழிஞ்சு போனா மறுபடியும் இதுலேருந்து தொடங்கிக்கலாம்'னாரு." மாசிலாமணி மிளகாய்த்தூளை முகர்ந்து தும்மினார். "அந்தக் கரையில ஒரு பொட்டாவது உன்கிட்ட மிச்சம் இருக்கான்னு பாரு. இல்லேன்னா சொல்லு, நான் பொழப்புக்கு வேற ஆத்தைப் பாக்கணும்."

அந்தக் கரையில் ஒரு பொட்டு அவளிடம் இருந்தது. பதினோரு ஆண்டுகளாக அதைத் தொண்டைக்கு அடியில் வைத்துப் பூட்டியிருந்தாள். ஒரே ஒரு முறை, ஒரே ஒரு சொல்லுக்காக அதை எடுத்துப் பயன்படுத்தியிருந்தாள். அதை எடுத்துப் பயன்படுத்தியதுதான் அவளுடைய பாவம்.

"ஓடத்தை எடுங்கண்ணே" என்றாள். மில்லைப் பூட்டவும் இல்லை.

ஓடக்காரர் துடுப்புப் போடுவதையும், ஏச்சுக்காரி ஓடத்தின் நடுவே நிற்பதையும் கண்டு ஊர் படித்துறைக்கு வந்தது. ஏழு படிகளில் இடம் போதாமல் மேட்டிலும் நின்றது. வெயில் சாய்ந்திருந்தது. நடு ஆறு என்று சொல்ல இனி வழியில்லை. கரையிலிருந்து பாதித் தொலைவு என்று தன் கைகள் பழைய கணக்கில் அறிந்த இடத்தில் மாசிலாமணி ஓடத்தை நிறுத்தினார். தில்லைநாயகி ஒன்றுமில்லாத பக்கத்துக்கு முதுகைக் காட்டி, தன் ஊரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். எதிர்க்கரையிலிருந்து பார்த்தால் தன் ஊர் இப்படித்தான் தெரிந்திருக்கும் என்பதை, அறுபதை நெருங்கும் வயதில், அன்றுதான் பார்த்தாள்: எவ்வளவு சிறியது, எவ்வளவு அருகில் இருந்தது, கூப்பிட்டால் கேட்கும் தொலைவு.

அவள் வாயைத் திறந்தாள்; பவளக்கொடியின் குரல் வந்தது.

"அடியே ஆலத்துறைக்காரிகளா! ஆத்தைத் தொலைச்சுட்டு அண்டாவுல நீச்சல் அடிக்கிறீங்களாமே! கபடிக்காரனுங்க கோட்டு மேல குந்தியிருக்கானுங்களாம், கோழியாட்டம், எத்தனை முட்டை வெச்சானுங்க?"

மேட்டில் யாரோ ஒருவர் சிரித்தார். ஐந்து வாரத்துக்குப் பின் கேட்ட முதல் சிரிப்பு அது. செண்பகவல்லியின் கண்கள் நிறைந்தன. "பவளம்டி! பவளம் குரலுடி!" என்று பக்கத்திலிருந்தவளின் கையைப் பிடித்தாள்.

"உங்க தில்லையம்மாவுக்குப் பொன்னாடை போத்துனீங்களாமே" என்றது அந்தக் குரல். "எதுக்குப் போத்துனீங்க? அவளைக் கேளுங்க. அம்மா மூணு நாளு முழிச்சுக் கிடந்தாளே, யாரைக் கூப்பிட்டா? கேளுங்க அவளை."

யாரும் கேட்கவில்லை. கரையின் ஏச்சுக்காரி கரையில் இல்லை. கரைக்காக வாய் திறக்க வேறு ஒருவருக்கும் உரிமையில்லை. தில்லைநாயகி ஓடத்தில் மெல்லத் திரும்பி, ஊருக்கு முதுகைக் காட்டி, ஒன்றுமில்லாத அந்தப் பக்கத்தை நோக்கி நின்று, தன் சொந்தக் குரலில் மறுமொழி சொன்னாள்.

"உன்னைத்தாண்டி கூப்பிட்டா. மூணு நாளும் உன்னைத்தான். ஆறு வருஷம் தூக்கி, துடைச்சு, மாத்திக் கட்டினவ நான். என் கையைப் புடிச்சுக்கிட்டே 'பவளம் வந்துட்டாளா'ங்கிறா. ஓடத்துக்கு ஆள் அனுப்பியிருந்தா ஒரு நாழியில நீ வந்திருப்பே. நான் அனுப்பல. என் பேரை ஒரு தடவை சொல்லட்டும், அப்புறம் அனுப்புறேன்னு உக்காந்திருந்தேன். சொல்லல. மூணாம் நாளு காலையில கண்ணு தெரியாமப் போச்சு. அப்பவும் 'பவளம் வந்துட்டாளா'. இனிமே ஆள் அனுப்பி என்ன? நான்…" மாசிலாமணி துடுப்பைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தார். "நான் உன் குரல்ல, 'வந்துட்டேம்மா'ன்னேன். உடனே மூஞ்சி தெளிஞ்சிடுச்சு. உன் கைன்னு நினைச்சு என் கையைப் புடிச்சுக்கிட்டுத்தான் போனா. உனக்குச் சேர வேண்டியதை நான் வாங்கிக்கிட்டேன் பவளம். எனக்கும் ஒண்ணும் மிச்சமில்ல. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிக்காமயே போயிட்டா. எப்படிச் சொல்லுவா? நான் அங்க இல்லியே. நீயில்ல இருந்தே."

முதலில் ஏச்சு வந்தது. கரை அதற்குப் பிறகுதான் வந்தது.

"பாவீ!" என்றது ஒரு குரல், தில்லைநாயகியின் வாயிலிருந்து அல்ல, அந்தக் குரலுக்கு ஒரு வாயும், வாய்க்கு ஒரு முகமும், முகத்தின் இரு பக்கமும் அதிரும் காதணிகளும் வந்தன, கால்களுக்குக் கீழே ஒரு படியும், படிக்கு மேலே இலுப்பை மரமும், மரத்தின் பின்னால் நூற்றறுபது வீடுகளும், படிகளில் நெருக்கியடித்து நின்ற சனமும் வந்தன. நாவல்துறையில் இன்னும் அதே ஆடி மாலையாகவே இருந்தது. அவர்கள் எங்கும் போயிருக்கவில்லை. பவளக்கொடி ஒரு படி கீழே இறங்கிக் கேள்வியைக் கேட்டுவிட்டு, மறுமொழிக்காகக் காத்த அந்த நிலையிலேயே நின்றிருந்தாள். இரு பக்கமும் நெருக்குண்ட ஆறு திடுக்கிட்டு எழுந்து கிழக்கே ஓடியது. மாசிலாமணி ஓடத்தை நிலைநிறுத்தத் திணறினார்.

"பாவீ! பதினோரு வருசம்! திதிக்குத் திதி உன் வீட்டுல வந்து உக்காந்து சாப்பிட்டேனேடி! எலையில சோத்தைப் போட்ட கைக்கு ஒரு நாளு சொல்லத் தோணலியா?"

ஏச்சுக்கு ஏச்சு சொல்லி வளர்ந்த இரு ஊரும் தில்லைநாயகியைப் பார்த்தன.

"ஆமா" என்றாள் அவள். "தோணிச்சு. சொல்லல."

"ஓடத்துக்கு ஆள் அனுப்ப உனக்குக் கைகால் விளங்கலியா?"

"ஆமா."

"அம்மா கடைசியாப் புடிச்சது என் கைன்னு நானில்லடி சொல்லிக்கணும்! அதைக்கூடவா திருடுவே? என் குரலையுமா திருடுவே? பேயாடி நீ? பொம்பளையா? கூடப் பொறந்தவளா?"

"ஆமா. ஆமா. ஆமா பவளம்."

பவளக்கொடி ஏசினாள். அந்த ஆறு அதுவரை கேட்டிராத சொற்களால் ஏசினாள். அவளுடைய கணவர் தோளைத் தொட்டபோது அவரையும் சேர்த்து ஏசினாள். தில்லைநாயகி ஒவ்வொன்றுக்கும் மறுமொழி சொன்னாள், ஒன்றையும் விட்டுவிடாமல், ஒரே சொல்லில். இரு படித்துறைகளிலும் குழந்தைகளின் வாயைத் தாய்மார்கள் பொத்தினார்கள். கலியமூர்த்தி தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கோயிலில் நிற்பதைப் போல நின்றார். இப்போது மன்னிப்பு என்று ஒன்றைக் கேட்கலாமா என்று தில்லைநாயகி எண்ணவில்லை. ஏச வாய் இருந்தது, ஏச ஆள் இருந்தாள், ஏசப்பட அக்காளாகத் தான் இருந்தாள்; தனக்குரியதற்கு மேல் அது என்பதை அவள் அறிந்திருந்தாள்.

வெகுநேரம் கழித்துப் பவளக்கொடிக்கு மூச்சு வாங்கியது. தண்ணீர் கணுக்காலில் மோதும் கடைசிப் படிக்கு இறங்கி நின்றாள்.

"நான்னு நினைச்சுத்தானே கையைப் புடிச்சா" என்றாள். "புடிச்சுக்கிட்டு என்கிட்ட என்ன சொன்னா?"

அதைத்தான் தில்லைநாயகி யாரிடமும் சொன்னதில்லை. தனக்குத்தானேகூட முழுதாகச் சொல்லிக்கொண்டதில்லை. அது தங்கைக்குச் சொல்லப்பட்டது, அக்காளைப் பற்றிச் சொல்லப்பட்டது. தங்கையாக இருந்து கேட்டவள் அக்காளாக இருந்து எப்படி அதை வைத்துக்கொள்வது?

"'அக்கா மேல கோவிச்சுக்காதடி'ன்னா." குரல் பிசிறியது, அவள் அதை இழுத்துப் பிடித்து, இரண்டு கரையும் கேட்கும்படி உயர்த்தினாள். "'அவ ஆறு வருசமாத் தூங்கல. நான் போனதுக்கப்புறமாவது நீ அவளைத் தூங்கச் சொல்லு'ன்னா."

இரு ஊரும் பவளக்கொடியைப் பார்த்தன. மறுமொழி சொல்ல வேண்டியவள் இப்போது அவள். அவள் முகத்தைப் புறங்கையால் அழுத்தித் துடைத்துக்கொண்டாள். ஒருமுறை துடைத்தது போதாமல் இன்னொருமுறை துடைத்துக்கொண்டாள். பிறகு இடுப்பில் கை வைத்தாள்.

"என்னடி முனகுறே? ஒண்ணும் காதுல விழல" என்றாள். "இன்னொரு தடவை சொல்லு."

தில்லைநாயகி இன்னொரு தடவை சொன்னாள்.